கோணல் சுவர் அலமாரிக்கு ஸ்லைடிங் கதவு: 4 வருட அனுபவம்

போன வாரம்தான் கதவின் அடி ரோலர்களை மாற்றினேன். மறுநாளே நண்பர் போன் செய்து, "உங்க வீட்டு அலமாரிக் கதவு மாதிரி எங்களுக்கும் போடலாமா?" என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் எங்களுடையது பழைய வீடு. படுக்கையறைச் சுவர் அலமாரியின் உயரம் 8 அடி 5 அங்குலம், அகலம் 5 அடி 10 அங்குலம். பிளைவுட் ஷீட்டே பொதுவாக 8 அடிதான் வரும் என்பதால், மேலே ஓர் அடிக்குப் பலகை வைத்து அடைத்துவிட்டு, கீழே இரண்டு ஸ்லைடிங் கதவு போட்டோம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இடம். பழைய கதவைத் திறக்க வேண்டுமென்றால் கட்டிலைத் தள்ள வேண்டும். இப்போது முட்டி வலியோடு இருக்கிற அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் தள்ளிப் புடவை எடுத்துக்கொள்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் செலவு செய்தது தப்பில்லை என்று தோன்றும்.

ஆனால் அந்த இடுக்கு! ஆசாரி அகலத்தைக் கீழே மட்டும் அளந்துகொண்டு போய்விட்டார். இடது சுவர் சாய்ந்திருக்கிறது, மேலே போகப்போக முக்கால் அங்குலம் விலகுகிறது. கதவை மூடினால் அடியில் ஒட்டி நிற்கும், உச்சியில் விரல் நுழையும். கேட்டால், "சுவர்தான் சார் கோணல்" என்றார். ரோலர் ஸ்குரூவைத் திருகிக் கதவைச் சாய்த்தால் சுவர்ப்பக்க இடைவெளி மறைந்துவிடும், ஆனால் இரண்டு கதவும் சேரும் இடம் கோணலாகத் தெரியும். இரண்டு வருடம் இப்படியே திருகித் திருகிப் பார்த்தேன். பல்லியும் தூசியும் உள்ளே போனதுதான் மிச்சம். கடைசியில் வேறொரு ஆசாரி வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, தேக்குப் பட்டி ஒன்றை மேலே முக்கால் அங்குலம், கீழே ஒன்றுமில்லை என்று ஆப்பு மாதிரி சீவிச் சுவரோடு அடித்தார். அரை நாள் வேலை. அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

இன்னொன்று, கீழ் டிராக்கில் சேரும் மண்ணும் முடியும். வாரம் ஒரு முறை பழைய பல் துலக்கும் பிரஷ் போட்டுத் தேய்க்காவிட்டால் கடகடவென்று சத்தம் வரும். ரோலர் தேய்ந்ததும் இதனால்தான். கதவைக் கழற்றி மாட்ட இரண்டு பேர் வேண்டும். அப்புறம், எப்போதும் பாதி அலமாரிதான் கண்ணுக்குத் தெரியும்.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். முன்னால் மூன்றடி இடமிருந்தால் கீல் வைத்த கதவே போடுங்கள். எதைப் போட்டாலும் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும் அகலத்தை நீங்களே அளந்து வையுங்கள். புது ரோலரில் கதவு இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது, அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனாலும் நான் இன்னொரு முறை இதைப் போடமாட்டேன்.