பாக்கோவா, நக்கார்லானா? ஸ்பானியர் காலத்து இரு கல்லறைத் தோட்டங்கள்

பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் ஆட்சிக்காலக் கல்லறைத் தோட்டம் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறதென்றால், வரலாற்றுக்கு மணிலாவின் பாக்கோ, கட்டடக்கலைக்கு லகூனா மாகாணத்தின் நக்கார்லான்.

பாக்கோ வட்ட வடிவம். உள்ளே ஒரு மதில், வெளியே ஒரு மதில். முதலில் உள்மதில் மட்டுமே இருந்தது. இடம் போதாமல்தான் வெளிமதில் எழுந்தது. சடலங்களை மதிலின் மாடங்களுக்குள் செருகி மூடினார்கள். 1912-இல் அடக்கம் நின்றது. 1966-இல் தேசியப் பூங்காவானது. பெரும்பாலான மாடங்களில் இன்று பெயர்க்கல் கிடையாது. பெயர் தேடி வருபவர் ஏமாறுவார். பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே புரோட்டாசியோ ரிசாலைப் புதைத்த இடத்தை மட்டும் தவறவிடாதீர்கள். 1896 டிசம்பர் 30-இல் சுட்டுக்கொல்லப்பட்டவரை அறிவிப்பின்றி மண்ணில் புதைத்தார்கள். அவருடைய சகோதரி நார்சிசா தேடிக் கண்டுபிடித்து, பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி 'ஆர்.பி.ஜே.' என அடையாளம் வைக்கச் செய்தார். 1898-இல் எச்சங்களைத் தோண்டியெடுத்ததும் அந்த அடையாளத்தை வைத்துத்தான். வார இறுதியில் பாக்கோவின் உள்ளேயுள்ள தேவாலயத்தில் திருமணம் நடந்தால் உள்ளே போக முடியாது. வார நாளில் காலையில் செல்லுங்கள்.

1845-இல் பிரான்சிஸ்கன் துறவி விசென்டே வெல்லோக் கட்டிய நக்கார்லானில் தேவாலயத்துக்கு அடியிலேயே நிலவறை உண்டு. படியிறங்கினால் 36 மாடங்கள். மேலே இறுதித் திருப்பலி, கீழே அடக்கம். 1896-இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த கதிபுனான் இயக்கப் புரட்சியாளர்கள் ரகசியமாகக் கூடியதும் இங்கேதான். மணிலாவிலிருந்து ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும், திங்கட்கிழமை மூடியிருக்கும். நிலவறை ஈரமானது, படிகளில் பிடிமானமுள்ள காலணி அவசியம்.