24 அசைவு தைச்சி: தள்ளிப் பார்த்தால் எவ்வளவு தேறும்?

மெதுவான அசைவுகளாலான சீனத் தற்காப்புக்கலையான தைச்சி வகுப்புக்குப் போனால் முதலில் சொல்லித்தருவது பெரும்பாலும் 24 அசைவுத் தொடரைத்தான். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தைச்சியின் ஒரு பிரிவான யாங் பாணியைச் சுருக்கித் தொகுத்தது இது. செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் போதும். பாடமாகப் பார்த்தால் அருமையான தொகுப்பு. சிக்கல், அதைக் கற்றுத்தரும் முறையில் இருக்கிறது. சில மாதங்களில் வரிசை மனப்பாடமாகிவிடும். அதற்குப் பிறகு வெறும் விளக்கம் மட்டுமே கிடைத்தால், அதே தவறுகள் மெதுவாகவும் அழகாகவும் உடம்பில் ஊறிவிடும். "தோளைத் தளர விடுங்க, வேர் விட்ட மாதிரி நில்லுங்க" என்பதெல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் தோள் தளர்ந்திருக்கிறதா என்பது இன்னொருவர் கை வந்து அழுத்தும்போதுதான் தெரியும். சோதனையோடு சேர்த்துப் படித்தால் இந்தத் தொடருக்கு முழு மதிப்பெண்ணே தரலாம்; சோதனை இல்லாவிட்டால் அது நல்ல காலை நடைக்குச் சமம், அவ்வளவுதான்.

முதல் சோதனைக்கு ஆள்கூடத் தேவையில்லை. ஒரே மாதிரியான எடை மெஷின் இரண்டு இருந்தால் போதும். வில் நிலையில் (முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு நிற்பது) ஒவ்வொரு பாதத்தையும் ஒவ்வொரு மெஷினில் வைத்து நில்லுங்கள். முன்காலில் சுமார் 70 சதவீதம் இருக்க வேண்டும். 70 கிலோ ஆளுக்கு முன்னால் 49, பின்னால் 21. முன்னே போய்விட்டோம் என்று நினைக்கும் பலருக்கு மெஷின் பாதிக்குப் பாதிதான் காட்டும். தலையும் மார்பும் முன்னே போயிருக்கும், இடுப்பு பின்னாலேயே தங்கியிருக்கும். எடையைப் பின்காலில் வைத்து முன்பாதத்தின் நுனியால் மட்டும் தரையைத் தொடும் 'வெண்கொக்கு சிறகு விரிக்கும்' நிலையில் முன்பாதத்தின் கீழ் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் காட்டக் கூடாது. பத்து காட்டினால், அந்தக் காலை உடம்பு ஆடாமல் தூக்க முடியாது. மெஷின் மேல் நின்றபடி பாதத்தைத் திருப்பாதீர்கள், வழுக்கும்.

முழங்காலை வருடித் தள்ளும் அசைவுக்கு ஒரு செய்தித்தாள் போதும். அடி எடுத்து வைக்கும் இடத்தில் தாளை விரித்து, குதிகால் தொட்டதும் நிறுத்துங்கள். கூட இருப்பவர் தாளை உருவினால் கிழியாமல் வர வேண்டும். கிழிந்தால் நீங்கள் அடி வைக்கவில்லை, காலின் மேல் விழுந்திருக்கிறீர்கள். பின்கால் போதுமான அளவு மடங்காததுதான் காரணம்.

உண்மையான பாடம் ஏழாவது அசைவான 'பறவையின் வாலைப் பிடித்த'லில் இருக்கிறது. பெங் (வளைந்த கையால் தாங்குதல்), லூ (பின்னிழுத்து வழிமாற்றுதல்), ஜீ (நெருக்கி அழுத்துதல்), அன் (உள்ளங்கையால் தள்ளுதல்) என்ற நான்கு அடிப்படை விசைகளும் இதற்குள் அடக்கம். பெங் நிலையில் முன்கை மார்புக்கு முன் வளைந்து நிற்கும். முழங்கை செங்கோணத்தை விட விரிந்திருக்க வேண்டும், அக்குளில் ஒரு முஷ்டி அளவு இடைவெளி வேண்டும். ஜோடியாக இருப்பவர் உள்ளங்கையை உங்கள் முன்கையில் வைத்து, மார்பின் நடுவை நோக்கி மூன்று விநாடியில் மெல்ல அழுத்தத்தை ஏற்ற வேண்டும். மூன்று விநாடி பிடித்து வைத்து, பிறகு சொல்லாமல் கையை எடுத்துவிட வேண்டும். அழுத்தும்போது முழங்கை மடங்கி மார்பில் ஒட்டினால் வளைவு இல்லை. தோள் காதை நோக்கி ஏறினால், சுமையைக் கால் வாங்கவில்லை, தோள் வாங்குகிறது. இந்த இரண்டும் கண்ணுக்கே தெரியும். மூன்றாவது, கை விலகிய பிறகுதான் வெளிப்படும்: அசையாமல் நின்றவர் சட்டென்று முன்னே சரிவார். அவர் நிற்கவில்லை, எதிராளி மேல் சாய்ந்திருந்தார். அதனால் கையை எடுப்பதை முன்கூட்டிச் சொன்னால் இந்தச் சோதனையே வீண்.

எவ்வளவு அழுத்துவது? எடை மெஷினைச் சுவரில் சாய்த்துப் பிடித்து உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தால் 5 கிலோ எப்படி இருக்கும் என்று கைக்குப் பழகிவிடும். 5இல் தொடங்கி 10 வரை போதும். அதற்கு மேல் போனால் சோதிப்பது தசையைத்தான். பிறகு பக்கவாட்டில் இடுப்பில் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். உடனே தடுமாறினால் இரண்டு குதிகாலும் கயிற்றின் மேல் நடப்பதுபோல ஒரே கோட்டில் இருக்கின்றன. 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை அகலம் கொடுங்கள்.

அடுத்தது துய்ஷோ, அதாவது ஜோடியாகக் கை தள்ளும் பயிற்சி. ஒற்றைக்கை வகையில் இருவரும் வலது காலை முன்வைத்து வலது மணிக்கட்டுகளைத் தொட்டு நிற்பார்கள். ஒருவர் மார்பை நோக்கித் தள்ள, மற்றவர் எடையைப் பின்காலுக்கு மாற்றி இடுப்பைத் திருப்பி அந்தத் தள்ளலைத் திசைமாற்றி விடுவார். பிறகு முறை மாறும். இங்கே நடக்கும் பெரிய தவறு மரியாதையால் வருவது. தள்ளுபவர் மார்பைக் குறிவைக்காமல் காற்றில் வட்டம் போடுவார். அப்படியானால் வாங்குபவர் திருப்புவதற்கு எதுவுமே இல்லை. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை வாங்குபவர் கையைக் கீழே போட்டுவிட்டு நிற்கட்டும். தள்ளும் கை நேராக மார்பில் வந்து பட வேண்டும்.

தொட்டதும் மாணவர்கள் பின்னால் பறக்கும் செயல்விளக்கங்களை நம்பிச் சேராதீர்கள். முடிவு முன்பே தெரிந்திருந்தால் அது சோதனை அல்ல. 2017 ஏப்ரலில் செங்துவில் தைச்சிக்காரர் வெய் லெய், கலப்புத் தற்காப்புக்கலை வீரர் சூ ஷியாவ்டோங்கிடம் அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அது தைச்சியே வீண் என்பதற்கு ஆதாரமாகாது. ஒத்துழைக்காத ஆளோடு பழகாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் காட்டுகிறது.

மாதிரி வகுப்பில், "என்னைத் தள்ளிப் பார்த்து எங்கே உடைகிறது என்று காட்டுங்கள்" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தள்ளும் சோதனை வேண்டாம், எடை மெஷினும் தாளும் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள், ஒரு காலில் ஆழமாகக் குந்தி இறங்கும் 16, 17ஆம் அசைவுகளில் தாழ்ந்து போகாமல் உயரத்திலேயே செய்யலாம். தரையையும் பாருங்கள். மெத்தென்ற தடித்த பாயில் பாதம் புதையும், திரும்பும்போது முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். சிமென்ட் தரையும் தட்டையான அடியுள்ள மெல்லிய ஷூவும்தான் சரி.