பழைய சவரக் கத்தியைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

வெலிங்டனில் முடிதிருத்தும் தொழில் செய்த என் தாத்தாவின், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த மடக்குக் கத்தியைத் துரு நீக்கி, விரிசல் விட்ட கொம்புப் பிடிக்குப் பதிலாக ஈட்டி மரத்தில் கைவேலையாகப் பிடி செய்து தருமாறு குன்னூரில் ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். நாலாயிரம் ரூபாயையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்த கத்தி முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது. ஆனால் அது இனிச் சவரத்துக்கு உதவாது.

அலகை மின்சாரப் பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். இவ்வகைக் கத்திகளில் எஃகைக் கடினமாக்கிய பின் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் பதப்படுத்துவார்கள். குழிவாகக் கடைந்த அலகின் வாய் மிக மெல்லியது என்பதால், சக்கரத்தில் சில நொடிகளிலேயே சூடேறிவிடும். 300 டிகிரியை நெருங்கினால் நீலம் படர்ந்து எஃகின் பதம் போய்விடும். என் கத்தியின் நுனியில் அந்த நீலம் வெயிலில் தெளிவாகத் தெரிகிறது. அதன்பின் எந்தச் சாணைக்கல்லில் தீட்டினாலும் கூர்மை நிற்பதில்லை. பதத்தை மீட்க மறுபடியும் உலையில் வைத்தால் மெல்லிய அலகு கோணிப்போகும் என்பதால், இந்தச் சேதத்தை ஈடுசெய்ய முடியாது என்றே கருதுகிறேன். உற்பத்தியாளரின் முத்திரையும் பாதி அழிந்துவிட்டது. எனக்கு மிகுந்த வேதனை தந்தது அதுதான்.

பிடியும் ஈட்டி மரமன்று. ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தபோது சாயம் ஒட்டியது. சரியாக உலராத மரத்தை எண்ணெய் ஊட்டாமல் பூட்டியிருந்ததால், வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் அது முறுக்கிக்கொண்டு, மடக்கும்போது கத்தியின் வாய் பிடியில் உரசுகிறது. பிடியின் இரு பலகைகளையும் பித்தளைக் கம்பியால் கோத்து, வாஷர் எனும் சிறு உலோக வளையத்துக்கு மேல் கம்பியின் தலையைத் தட்டி விரிப்பதே முறை; இவர்களோ பசையால் ஒட்டிவிட்டார்கள்.

கொடுப்பதற்கு முன் முத்திரையையும் அலகின் இரு பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் கையால் தேய்ப்பார்களா, சக்கரம் பயன்படுத்துவார்களா என்று கேட்டு, மரத்தின் பெயருடன் ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்பப் பெறும்போது தட்டையான கண்ணாடியின் மேல் கத்தியைக் கிடத்திப் பாருங்கள்: முதுகும் வாயும் முழு நீளத்துக்கும் படிய வேண்டும். தீட்டும் கோணத்தைத் தருவது முதுகுதான். அதைத் தேய்த்துவிட்டால் கோணமும் கெடும்.

பணத்தைத் திருப்பித் தர அவர்கள் மறுத்துவிட்டதால், உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க ரசீதையும் படங்களையும் தொகுத்து வருகிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். இதே அனுபவம் உள்ளவர்கள் காலம் கடத்த வேண்டாம்.