பூனை சீவும் கருவிகள்: பல ஆண்டுப் புழக்கத்தில் நிலைத்தவை

வீட்டில் இரண்டு பூனைகள். பஞ்சு நீள முடிக்காரி, மிளகு குட்டை முடிக்காரன். இவர்களுக்காக வாங்கிச் சேர்த்த பிரஷ்கள் ஓர் இழுப்பறை நிறைய இருக்கின்றன. ஆனால் தினமும் கை தேடிப் போவது இரண்டைத்தான்: ஒரு பாதி அகலப் பல்லும் மறுபாதி நெருக்கப் பல்லுமாக இருக்கும் எஃகுச் சீப்பு, ஒரு ரப்பர் பிரஷ்.

பஞ்சுவுக்கு எல்லோரும் பரிந்துரைத்தது வளைந்த மெல்லிய கம்பிகள் வைத்த ஸ்லிக்கர் பிரஷ். மேல்முடியை அழகாக விரித்து வைக்கிறது, குறை சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், அடர்ந்த முடியில் அதை மேலோட்டமாக இழுத்தாலே வேலை முடிந்தாற்போல் தெரியும்; அடியில் உள்முடி திரண்டுகொண்டே இருக்கும். சீப்பிடம் அந்த ஏமாற்று கிடையாது. தோலை ஒட்டி இறக்கினால் எங்கே தடுக்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் காதுக்குப் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, வயிறு, பின்தொடை.

தடுக்கும் இடத்தில் பலம் காட்டக் கூடாது. சிக்கின் அடியை, தோலுக்கு அருகே, இரண்டு விரலால் பிடித்துக்கொள்கிறேன். இழுவை விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. பிறகு முடி நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து உள்ளே வருகிறேன். கத்தரிக்கோல் இந்த வீட்டில் பூனைப் பக்கமே வராது. பூனையின் தோல் மெல்லியது, இழுத்த இழுப்புக்கு வரும். சடையைத் தூக்கினால் தோலும் கூடவே எழும்பிவிடும். எது முடி, எது தோல் என்று கண்ணுக்குப் பிடிபடாது. கம்பளம் போல இறுகிவிட்ட சடையை மருத்துவமனையில் மின்கத்தரியால் மழித்துவிடுவதே நல்லது. குளிப்பாட்டினால் இளகும் என்று நம்ப வேண்டாம், ஈரம் பட்டால் சடை இன்னும் இறுகும்.

உதிர்முடி வாரும் பிளேடு வகைக் கருவியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். மிளகின் முதுகில் நாலு இழுப்பு இழுத்தால் இன்னொரு பூனை செய்யுமளவு முடி வருகிறது. ஆனால் அழுத்தி இழுத்தாலோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தாலோ நல்ல மேல்முடியும் அறுபடும், தோலும் எரியும். முடி அதிகம் கொட்டும் காலத்தில் மட்டும், அதுவும் மெதுவாக. மற்ற நாட்களில் அவனுக்கு ரப்பர் பிரஷ் போதும். சிலிகான் கையுறை? பிரஷ்ஷைக் கண்டாலே ஓடும் பூனையைப் பழக்க உதவும். அதற்கு மேல் பெரிய பயன் இல்லை.

எந்தக் கருவியானாலும் நேரத்தைப் பூனைதான் முடிவுசெய்யும். வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் அலையாக நெளியும், காது பின்னால் சாயும். இதில் ஒன்றைக் கண்டாலும் சீப்பைக் கீழே வைத்துவிடுகிறேன். கடி அடுத்துத்தான் வரும்.

சீவுவதன் பலன் சோபாவில் தெரிவதைவிடப் பஞ்சுவின் வயிற்றில் அதிகம் தெரிகிறது. பூனை நாக்கின் முட்கள் உட்புறமாகச் சாய்ந்தவை. நக்கும்போது சிக்கும் முடியைத் துப்ப வழியில்லை, விழுங்கத்தான் வேண்டும். பெரும்பகுதி மலத்தோடு போய்விடும், மிச்சம் வாந்தியாக வரும். ஒழுங்காகச் சீவத் தொடங்கிய பிறகு அவளுக்கு அந்த வாந்தி வெகுவாகக் குறைந்திருக்கிறது. முடி எதுவும் வராமல் குமட்டிக்கொண்டே இருந்து, சாப்பிடவும் மறுத்தால் அது சீப்பின் வேலை அல்ல, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சீப்பில் கருந்துகள்கள் வந்தால் நனைத்த வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சியின் எச்சம். அதற்காக நாய்களுக்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

சமீபத்தில் பஞ்சுவின் வாலடியில் திரும்பத் திரும்பச் சடை பிடித்தது. சீப்பை மாற்றிப் பார்ப்பதைவிட மருத்துவரிடம் காட்டுவது மேல் என்று தோன்றியது. வயதாகி இடுப்பு மூட்டில் தேய்மானம். உடலை வளைத்து அங்கே நக்க முடியவில்லை என்றார். இப்போது வலிக்கு மருந்து கொடுக்கிறோம், வாலடியை மட்டும் அகலப் பல் பக்கத்தால் தினமும் சீவுகிறேன்.