ஜெர்மன் வகுப்புக்கு எந்த பாட்காஸ்ட்? யார் குரலில்?

"ஹால்ப் ஆஹ்ட்" என்று காதில் விழுந்ததும் என் வகுப்பில் பாதிப் பேர் எட்டரை என்று எழுதுவார்கள். ஜெர்மன்காரர் சொன்னது ஏழரை. எட்டாவது மணியில் பாதி ஆயிற்று என்பது அவர்கள் கணக்கு. இதே பாடத்தைப் புத்தகத்தில் படித்தபோது எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள். கண்ணுக்குப் பழகியது காதுக்குப் பழகவில்லை.

என்னிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்கள். வார்டில் யாரும் எழுதிக் காட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள். அதனால் காதைப் பழக்க பாட்காஸ்ட் பக்கம் வந்தேன். மூன்று வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன்: வெளியில் கிடைப்பதைக் கொடுப்பது, நானே தயாரிப்பது, மாணவிகளையே தயாரிக்க வைப்பது.

முதலில் வெளியில் கிடைப்பவை. புதிதாகப் பாடம் எடுக்க வருகிறவர்கள் உடனே எடுத்துக் கொடுப்பது டாய்ச்செ வெல்லெ வானொலியின் மெதுவாக வாசிக்கப்படும் செய்திகள். குரல் தெளிவு, எழுத்து வடிவமும் கூடவே இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அது பி2, சி1 நிலைக்கானது. மொழித் திறனை ஏ1 என்ற ஆரம்ப நிலையிலிருந்து ஏ2, பி1, பி2, சி1 என்று மேலே மேலே அளப்பார்கள். மெதுவாக இருக்கிறதே என்று ஏ2 மாணவிக்குக் கொடுத்தால், 'பூண்டெஸ்ஃபெர்ஃபாஸுங்ஸ்கெரிஹ்ட்' என்ற சொல்லை எவ்வளவு நிதானமாகச் சொன்னாலும் அவளுக்கு அது கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் என்று புரியப்போவதில்லை. வேகம் வேறு, கடினம் வேறு. நானும் முதல் வருடம் இந்தத் தப்பைச் செய்தேன். இரண்டு பிள்ளைகள் தங்களுக்குக் காதே சரியில்லை என்று நம்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கையை உடைக்கப் பல வாரம் பிடித்தது.

பி1 தொட்டவர்களுக்கு நான் கொடுப்பது ஸ்லோ ஜெர்மன். மியூனிக்கைச் சேர்ந்த ஆனிக் ரூபென்ஸ் 2007 முதல் நடத்துவது. ஜெர்மன் வீடு, பண்டிகை, பழக்கவழக்கம் என்று அன்றாட விஷயங்கள். ஒரே குரல், சின்னச் சின்ன எபிசோடுகள். பஸ்ஸில் வரும்போதே ஒன்றைக் கேட்டு முடித்துவிடலாம்.

ஈஸி ஜெர்மன் இதற்கு நேர் எதிர். இந்த பாட்காஸ்டை நடத்தும் காரியும் மானுவெலும் இயல்பான வேகத்தில் பேசிக்கொள்வார்கள். சிரிப்பார்கள், குறுக்கே பேசுவார்கள், 'ஹால்ட்', 'டோஹ்' என்று பாடப்புத்தகம் சரியாக விளக்காத சொற்கள் வந்து விழும். வார்டில் காதில் விழப்போவது இந்த ஜெர்மன்தான். பி2 நிலையில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. முழு எழுத்து வடிவம் வேண்டுமென்றால் பணம் கட்டி உறுப்பினராக வேண்டும் என்பது மட்டும் ஒரு குறை.

ஸ்காட்லாந்திலிருந்து வரும் காஃபி பிரேக் ஜெர்மன் ஆரம்ப நிலைக்கு அழகாக அடுக்கப்பட்டது. விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் புழங்குகிற பிள்ளைக்குச் சரி. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை முதலில் ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டு, அப்புறம்தான் ஜெர்மனுக்கு வர வேண்டும். ஒரு ஆற்றைக் கடக்க வந்தவளை இரண்டு ஆறு கடக்கச் சொல்வது மாதிரி இது.

நானே ரெக்கார்ட் செய்ய ஆரம்பித்தது இதனால்தான். தமிழ் காதுக்கு எது எளிது, எது சறுக்கும் என்பது தமிழ் பேசுகிற ஆசிரியருக்குத்தான் தெரியும். 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு. ஆங்கிலம் வழியாக இதை விளக்கினால் நேரம் ஓடும். குறில், நெடில் என்று சொன்னால் ஒரு நொடி. துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும் என்று ஆங்கில விளக்கங்கள் பயமுறுத்துகிற இடத்தில், "நம்ம தமிழ் மாதிரியே" என்று சொல்லி நகர்ந்துவிடலாம்.

சறுக்குவது வேறு இடம். முள்கரண்டிக்கும் கேபிளுக்கும் உள்ள ஜெர்மன் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'காபெல்'தான். முள்கரண்டியின் முதல் எழுத்து 'கங்கை'யில் வரும் இரண்டாவது க போல அதிர வேண்டும். கேபிளுக்கு 'கல்' என்பதில் வரும் க. நம் பிள்ளைகள் இரண்டையும் 'கல்' மாதிரியே சொல்வார்கள். சாப்பாட்டுத் தட்டோடு காத்திருக்கும் நோயாளிக்குக் கேபிள் கேட்டால் எப்படி இருக்கும்? இந்த ஒரே ஒரு ஒலிக்கு நான்கு நிமிட எபிசோட் செய்தேன். வெளியில் தேடினால் இது கிடைக்காது.

செலவு பணத்தில் இல்லை, நேரத்தில்தான். நான்கு நிமிடத்துக்கு எழுத, பேச, வெட்ட எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கருவி என்று பார்த்தால் கைபேசியும், ஒலியை வெட்டி ஒட்ட இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருளும் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, துணி பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசினால் எதிரொலி அடங்கும். கைபேசியை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால் 'ப' சொல்லும்போது காற்று அடிக்காது. சேமிக்கும்போது மோனோ என்ற ஒற்றை ஒலித்தடத்தில், ஒலித்தர அளவை 64 கேபிபிஎஸ் என்று வைத்தால் நான்கு நிமிடம் 2 எம்பியைத் தாண்டாது, ஹாஸ்டலில் நெட் திணறினாலும் இறங்கிவிடும்.

இதில் உண்மையான குறை என் குரல். எவ்வளவு பழகினாலும் அது தமிழ்க்காரியின் ஜெர்மன். ஆகவே விளக்கம் என் குரலில், ஜெர்மன் வாக்கியங்கள் அங்கேயே பிறந்தவர் குரலில். முன்னாள் மாணவி ஒருத்தி தன் வார்டுத் தோழியிடம் அனுமதி கேட்டு, வாசிக்க வைத்து அனுப்புகிறாள். செயற்கைக் குரலையும் முயன்று பார்த்தேன். உச்சரிப்பு பிசகவில்லை. ஆனால் நம் ஒலிச் சிக்கலுக்காக எங்கே நிறுத்த வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று அதனிடம் சொல்லி வாங்குவதற்குள் நானே பேசி முடித்துவிடுவேன்.

மூன்றாவது வழி மாணவிகளே செய்வது. கேட்கும் பயிற்சி என்று மட்டும் பார்த்தால் இது மற்ற இரண்டுக்கும் பின்னால்தான். பேச்சுக்கு இதுதான் முதலிடம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஷிப்ட் மாறும்போது நோயாளியின் நிலையை ஒப்படைப்பதை அங்கே 'யூபர்காபெ' என்பார்கள். மூன்று பேர் சேர்ந்து கற்பனை நோயாளி ஒருவரை வைத்து இரண்டு நிமிட யூபர்காபெ பதிவு செய்ய வேண்டும். காலை பேட்ச் செய்ததை மாலை பேட்ச் கேட்டு, படுக்கை எண், நாடித்துடிப்பு, மருந்து நேரம் மூன்றையும் எழுத வேண்டும்.

போன பேட்சில் ஒரு பெண் நாடித்துடிப்பை 84 என்று சொன்னாள். ஜெர்மனில் அது நாலும் எண்பதும் என்று தலைகீழாக வரும். மாலை பேட்சில் மூன்று பேர் 48 என்று எழுதினார்கள். நான் வாயே திறக்கவில்லை. அவளே இயர்போனில் தன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எண்ணை விழுங்கி விழுங்கிச் சொல்லியிருக்கிறாள். ஏழு முறை மறுபடி ரெக்கார்ட் செய்தாள். நான் நூறு முறை சொல்லியும் நடக்காதது அது.

தன் குரல் குரூப்பில் போவதற்குக் கூச்சப்படுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களை வற்புறுத்தக்கூடாது, ஜோடிக்குள் மட்டும் அனுப்பிக்கொண்டால் போதும். மற்றவர் பாட்காஸ்டை வெட்டி குரூப்பில் போடுவதையும் நான் அனுமதிப்பதில்லை. லிங்க் அனுப்பினால் உழைத்தவருக்கும் மரியாதை.

என் தேர்வு நிலைக்கு நிலை மாறும். ஏ1, ஏ2வில் என் சொந்த எபிசோடுகள்தான், வாரத்துக்கு ஒன்று. ஏ2 முடியும்போது யூபர்காபெ ஆரம்பிக்கும், பி2 வரை நிற்காது. பி1இல் ஸ்லோ ஜெர்மன், முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல். கோத்தே நிறுவனம் நடத்தும் பி1 ஜெர்மன் தேர்வில் கேட்டல் பகுதியின் நான்கு பாகங்களில் இரண்டு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும், அதற்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கிறது. பி2இல் ஈஸி ஜெர்மன், செய்தி இரண்டும்.

ஒரு வழிக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் மூன்றாவதை எடுங்கள். இரண்டு நிமிடம், மூன்று பேர், ஒரு கைபேசி. நாளைக்கே தொடங்கலாம்.