சேலத்தில் வீடு, பரங்கிப்பேட்டையில் கடல்: காற்றடைக்கும் போட், 5 ஹெச்பி எஞ்சின் – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சேலத்தில் இருந்துகொண்டு கடல்மீன் பிடிக்கக் காற்றடைக்கும் போட் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "அலைக்குத் தாங்குமா?" என்றுதான். தாங்கும். 3.3 மீட்டர் நீளம், 0.9 மில்லிமீட்டர் பிவிசி துணி, பின்னால் 5 ஹெச்பி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் இரண்டு பேர் தூண்டிலோடு கழிமுகத்தில் தாராளமாகப் போய்வரலாம். போட்டையும் எஞ்சினையும் அதிகம் கெடுப்பது கரையேறிய பிறகு நடப்பவை. பரங்கிப்பேட்டையில் இருந்து உப்பு காய்ந்தபடியே விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக வீடு வந்து சேரும் பயணமும், அடுத்த முறை வரை மாடி ரூமில் கிடக்கும் மாதங்களும்தான் இவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கடலோர ஊர்க்காரர்கள் எழுதும் பராமரிப்புக் குறிப்புகள் நமக்கு முழுதாகப் பொருந்தாததும் இதனால்தான்.

வெயிலில் இருந்து தொடங்கலாம். மார்ச் கடைசியில் இருந்து மே வரை சேலத்துத் தகர ஷெட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி ரூமும் போட்டுக்கு எமன். பிவிசி துணிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, பசைதான் விடும். முதலில் விடுவது எஞ்சின் மாட்டும் பின்பலகை காற்றடைத்த பக்கக் குழாயோடு சேரும் இடம். பசை போட்டு ஒட்டிய போட், வெல்டிங் செய்த போட் என இரண்டு வகை கடையில் கிடைக்கும். சேலத்துக்கு வெல்டிங்தான் சரி, விலை கூடினாலும் யோசிக்க வேண்டாம். கையில் இருப்பது பசை போட்டது என்றால் கீழ்த்தளத்தில், வெளிச்சுவர் ஒட்டாத அறையில் வையுங்கள். கார் டிக்கியிலேயே விட்டு வைப்பது அதைவிட மோசம்.

சுருட்டும்போது ஒவ்வொரு முறையும் ஒரே மடிப்பில் மடிக்கக் கூடாது. மடிப்பு விழும் கோட்டில்தான் துணியின் மேல்பூச்சு முதலில் வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு வாசனை இல்லாத டால்கம் பவுடரைத் தூவி, தளர்வாகச் சுருட்டி, தரையில் இருந்து ஒரு முழம் உயரத்தில் வைத்தால் போதும். எலி பிவிசியைக் கடிக்கும், அதிலும் மீன் வாடை ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஏற்காட்டில் வீடு உள்ளவர்களுக்கு வெயில் தொல்லை இல்லை, ஆனால் பனிமூட்டத்தில் போட் காயவே காயாது. ஈரத்தோடு சுருட்டினால் இரண்டே வாரத்தில் தரைப்பலகை இடுக்கில் கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும். மலைக்கு ஏற்றும் முன் கீழே சமவெளியில் அரைநாள் விரித்துக் காயவைத்துவிட்டு எடுத்துப் போவது நல்லது.

இப்போது எஞ்சின். இங்கேதான் பலரும் பணத்தை விடுகிறார்கள்.

கடல்நீரில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு நேரம், எந்தத் தண்ணீர் என்பதில்தான் கோட்டை விடுவது. எஞ்சினுக்குள் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன அடைப்பான் உண்டு. எஞ்சின் சூடேறிய பிறகுதான் அது திறக்கும். அது திறக்காதவரை நீங்கள் விடும் நல்ல தண்ணீர் சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிக்குள் முழுதாகப் போகாது. இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தினால் வெளியே சுத்தம், உள்ளே உப்பு அப்படியே. எனவே நியூட்ரலில், ஐடில் வேகத்தில், குறைந்தது 10 நிமிடம் ஓட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். சேலத்தில் பெரும்பாலான வீடுகளில் இரண்டு குழாய்: ஒன்றில் காவிரித் தண்ணி, இன்னொன்றில் போர் தண்ணி. போர் தண்ணி கடினநீர். பாத்ரூம் குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு சூடான எஞ்சினுக்குள் இன்னும் வேகமாகப் படியும். கடல் உப்பாவது தண்ணீரில் கரையும், சுண்ணாம்பு கரையாது. போர் தண்ணியில் மட்டுமே கழுவிவந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் வெள்ளைப்படலம் ஏறித் திறந்த நிலையிலோ மூடிய நிலையிலோ மாட்டிக்கொள்ளும். மூடியபடி மாட்டினால் எஞ்சின் சூடேறிக் கடல் நடுவில் நிற்கும்.

நாங்கள் பரிந்துரைக்கும் முறை இது. கரையேறியதும் பரங்கிப்பேட்டையிலேயே மூன்று 20 லிட்டர் கேன் தண்ணி வாங்குங்கள். உயரமான 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று காரில் இருக்கட்டும், போகும்போது அதற்குள் கயிறு, பம்ப் எல்லாம் போட்டுக்கொள்ளலாம். எஞ்சினை உறுதியான பலகை ஸ்டாண்டில் மாட்டி, தண்ணீர் உறிஞ்சும் துளையும் புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டையான தகடும் மூழ்கும்வரை டிரம்மில் இறக்குங்கள். 5 நிமிடம் ஓடட்டும். இது முதல் கழுவல்தான். அந்தத் தண்ணீரே இப்போது உப்பாகியிருக்கும். வீட்டுக்கு வந்து இன்னொரு டிரம் காவிரித் தண்ணியில் 10 நிமிடம். காவிரித் தண்ணி வராத நாளில் முதல் டிரம் போர் தண்ணி, கடைசி டிரம் கேன் தண்ணி என்று வைத்துக்கொள்ளலாம். திறந்த இடத்தில் மட்டும் ஓட்டுங்கள், மூடிய கார் ஷெட்டில் புகை உயிருக்கு ஆபத்து. ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். டிரம்மில் இறக்காமல் "ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பார்ப்போம்" என்று இழுத்தால் உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் வறண்டு சுற்றி, கொஞ்ச நேரத்திலேயே இதழ் கருகிவிடும்.

இம்பெல்லர் சும்மா கிடந்தாலும் கெடும். மாதக்கணக்கில் ஒரே நிலையில் வளைந்து கிடக்கும் இதழ்கள் அப்படியே நின்றுபோய், பிறகு தண்ணீரைச் சரியாக இழுக்காது. மாதம் ஒருமுறை டிரம்மில் இறக்கி ஓட்டுவதே இதற்கு மருந்து. வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். இதழின் ஓரத்தில் கீறல் இருந்தால் மாற்றிவிட வேண்டும். உடைந்த துண்டு இருந்தால் புதியதை மாட்டுவதோடு விடாமல் அந்தத் துண்டையும் தேடி எடுங்கள், அது மேலேறித் தண்ணீர் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து, பிறகு பாத்திரத்து வெந்நீரில் தொங்கவிட்டுத் திறக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். எஞ்சின் உலோகத்துக்குப் பதில் தான் அரிபடும் துத்தநாகக் கட்டியான ஆனோடு பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அழகுக்காக அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

கியர் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் புரொப்பல்லர் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றி சீலை அறுத்திருக்கும். நரம்பு பிடிக்கிற நமக்கு இது அடிக்கடி வரும் தொல்லை. ஒவ்வொரு முறையும் புரொப்பல்லரைக் கழற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பற்றி: இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்தது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். டாங்கில் பாதி நிரப்பி இரண்டு மாதம் விட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பிசுக்கு படிந்து ஜெட் அடைக்கும். கழுவும்போதே கடைசியில் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். வெளி டாங்கில் மீந்ததை வண்டியில் ஊற்றிவிடலாம். முழுவேகத்தில் இந்த எஞ்சின் மணிக்குச் சுமார் 2 லிட்டர் குடிக்கும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று கணக்கு வைக்க வேண்டும்.

காரில் ஏற்றும்போது எஞ்சினைக் கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடித்து உள்ளே உள்ள தண்ணீர் முழுதும் வடிந்த பிறகே படுக்கவையுங்கள். எந்தப் பக்கம் படுக்கவைக்கலாம் என்று கையேட்டில் இருக்கும், மாற்றிப் போட்டால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். புரொப்பல்லர் பக்கம் எப்போதும் தலைப்பக்கத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேங்கிய உப்புத் தண்ணீர் புகைவழியாகப் பிஸ்டனுக்கு இறங்கும்.

காற்று விஷயத்தில் கைப்பழக்கத்தை நம்ப வேண்டாம், அளவுமானி வேண்டும். பக்கக் குழாய்களுக்கு 0.25 பார், அதாவது 3.6 பிஎஸ்ஐ. காற்றடைக்கும் தரை என்றால் 0.7 முதல் 0.8 பார் வரை. குறைவாக அடித்தால் போட் அலையில் நடுவே மடியும், பின்பலகை ஆடும், எஞ்சின் தள்ளும் விசை வீணாகும். விடியற்காலை 25 டிகிரியில் சரியாக அடித்த குழாய், வெயிலில் 45 டிகிரிக்கு ஏறினால் 0.33 பார் தொடும். கரையில் இழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். வால்வை மூடும் முன் விரலால் துடைப்பதும் அவசியம், ஒரே ஒரு மணல் துகள் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்தால் இரவு முழுதும் காற்று கசியும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொன்று: சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இறுக்கி மூடிய காற்றுப்புகாப் பெட்டி கடற்கரையில் லேசில் திறக்காது, வெளிக்காற்று அவ்வளவு அழுத்தும். மூடியை மலையிறங்கிய பிறகு பூட்டுங்கள்.

போகுமிடம் வெள்ளாற்று முகத்துவாரம். ஆத்தூர்ப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை வசிஷ்ட நதி வழியாக ஆத்தூரைத் தாண்டி வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில்தான் கடலுக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கனமழை என்றால் அங்கே செந்தண்ணியும் ஆகாயத்தாமரையும் வரும், எஞ்சின் துளை அடைக்கும், கொடுவாய் மீனும் கடிக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தை விட்டுவிட்டு, தை முதல் பங்குனி வரை வைத்துக்கொள்ளுங்கள். விடியலில் கரைக்காற்று மெல்ல அடிக்கும், முற்பகல் ஏற ஏற கடல்காற்று எழும். பத்து மணிக்குள் உள்ளே திரும்பிவிடுவது உத்தமம். ஆற்றுநீர் வெளியே வடியும் நேரமும் கடல்காற்றும் எதிரெதிராக மோதினால் முகத்துவாரத்து மணல்திட்டின் மேல் அலை செங்குத்தாக எழுந்து உடையும். அதைக் கடக்க இந்த போட் போதாது. கடல் ஏற்றத் தண்ணீர் உள்ளே வரும் நேரத்தில் மட்டும் தாண்டலாம், சந்தேகம் இருந்தால் ஆற்றுக்குள்ளேயே இருப்பது மேல்.

ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேற்குக் காற்று அடிக்கும்போது கரையோரம் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும். அது கரையில் இருந்து வெளியே தள்ளும் காற்று. எஞ்சின் நின்றால் எடையில்லாத இந்த போட்டைத் துடுப்பால் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பை முந்தைய இரவே பார்த்துவிடுங்கள், உள்ளூர் மீனவர் "வேண்டாம்" என்றால் அத்தோடு சரி. கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது என்றாலும், கிளம்பும் முன் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பக்கத்துப் பிச்சாவரம் காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

மீனால் போட் ஓட்டையாகுமா? ஆகும். கெளுத்தியின் பக்கமுள் ரம்பம் போல, துணியை நேராகக் குத்தும். கொடுவாயின் செவுள்மூடி விளிம்பு நரம்பையும் அறுக்கும், குழாயையும் கீறும். தரையில் தடித்த ரப்பர் மேட், மீனைப் போட ஆழமான பிளாஸ்டிக் தொட்டி, இரண்டும் கட்டாயம். பாலத்தூணில் போட்டைக் கட்டவே கட்டாதீர்கள், ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பி ஓடு கத்திதான். மடக்கு நங்கூரம் சேற்றில் இழுபடும். 2 கிலோ தட்டை நங்கூரமும் 2 மீட்டர் சங்கிலியும், ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறும் நன்றாகப் பிடிக்கும்.

ஓட்டை விழுந்தால் சைக்கிள் கடைப் பஞ்சர் சொல்யூஷன் பிவிசியில் நிற்காது. இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பசை வேண்டும். ஓட்டையைச் சுற்றி 5 சென்டிமீட்டர் வெளியே நீளும்படி வட்டமாக ஒட்டு வெட்டி, முனை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரு பரப்பையும் அசிட்டோனால் துடைத்து, மெல்லிய பூச்சு ஒன்று, 10 நிமிடம் கழித்து இன்னொன்று. தொட்டால் பிசுபிசுக்கும் நிலைக்கு வந்ததும் ஒட்டி, நடுவில் இருந்து ஓரத்துக்குக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, 24 மணி நேரம் கழித்துக் காற்றடியுங்கள். கடற்கரையின் ஈரக்காற்றில் ஒட்டியது சீக்கிரம் உரியும். அங்கே தற்காலிகமாக ஒட்டிச் சமாளித்துவிட்டு, சேலத்தில் மாசி மாதத்து வறண்ட காற்றில் முறையாக ஒட்டினால் அந்த ஒட்டு போட்டோடு கூடவே இருக்கும்.

கூடவே ஒரு சின்னப் பெட்டியில் மாற்று ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், புரொப்பல்லர் பின் இரண்டு, ஸ்பிளிட் பின், ஸ்டார்ட்டர் கயிறு, ஒரு வால்வு, அதைத் திருகும் சாவி, ஆள் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப் ஒன்று கூடுதலாக. கடைசியாகச் சொன்ன கிளிப் தொலைந்தால் சில எஞ்சின்கள் ஸ்டார்ட்டே ஆகாது, உள்ளூர்க் கடையில் அது கிடைக்கவும் கிடைக்காது.