உப்புவெளியில் ஒரு பாய்ப்படகுச் சேவை

திருகோணமலையின் புறாத்தீவுக்கு இயந்திரப் படகில் போய்வந்தவர்களுக்கும் இது புது அனுபவமாக இருக்கும். கோணேசர் மலை வலப்பக்கம் தெரிய, இயந்திரச் சத்தமே இல்லாமல் குடாக் கடலுக்குள் கூட்டிப்போகிறார்கள்.

கச்சான் எனும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காற்று தரைப்பக்கமிருந்து வீசும். போவது சுலபம், திரும்பும்போதுதான் கைத்திறமை தெரியும். காற்றுக்கு நேரெதிரே பாய்ப்படகு ஓடாது. அதனால் படகோட்டி ஐயா வலமும் இடமுமாக வளைத்து வளைத்துக் கரை சேர்த்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் "பிள்ளை, தலையைக் குனியுங்கள்" என்று சொல்லி, மகள் குனிந்த பிறகே சுக்கானைத் தள்ளினார். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றையும் அவளிடம் கொடுத்தார். பாயின் முன்னோரம் படபடத்தால் இழுக்க வேண்டும், படபடப்பு அடங்கியதும் நிறுத்த வேண்டும். அரைமணி நேரத்தில் அவளுக்குக் காற்றின் திசை பிடிபட்டுவிட்டது. இதற்கே கொடுத்த காசு தகும்.

1817இல் பம்பாயில் தேக்கில் கட்டி, திருகோணமலை என்று நம் ஊர்ப் பெயர் சூட்டிய போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதப்பதையும் அவர்தான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

உயிர்காப்பு அங்கிகள்தான் பெருங்குறை. சிறுவர் அளவு ஒன்றுதான் இருந்தது, அதன் கொளுவியும் தளர்ந்திருந்தது. பிள்ளைகளை ஏற்றும் சேவையில் இதை ஏற்கவே முடியாது. பணம் கட்டுமுன் அங்கியைப் போட்டு இழுத்துப் பாருங்கள்.